எட்டுக்கால்

செல்லூரில் எங்கள் லைன் வீட்டில்
ஐந்து குடும்பம், ஒரு குழாய்.
மாநகராட்சித் தண்ணீர்
இரண்டரைக்கு வரும், நாலுக்கு வரும்,
வராமலும் வரும்:
ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக்
காற்றாகவே போய்விடும்.

முறை வைத்து விழித்திருந்தோம்.
செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.
பத்து மணிக்கு மருந்துக்கடை ஷட்டரை இறக்கி வந்து
குடத்தில் தலைசாய்த்தவள்
ஒரு வெள்ளி தூங்கிவிட்டேன்.
தண்ணீர் வந்தது. போனது.
மறுநாள் யாரும் திட்டவில்லை.
சுருளியம்மாள் மட்டும்
காலிக் குடத்தை முற்றத்தில்
கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அந்தச் சத்தத்தில்தான் வாங்கினேன்,
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அப்பாஸ் கடையில்
ஒரு புரோகிராமர். இருநூற்று முப்பது ரூபாய்.
பெட்டி இல்லை, ரசீது இல்லை,
எந்த ஊரில் பிறந்தோம் என்று அதற்கே தெரியாது.
கட்டைவிரல் நீளப் பச்சைப் பலகை,
பின்னால் பத்துக் கம்பி வால்.
சிப் தனியாக அறுபது.
எட்டுக்கால். புரட்டிப் போட்டால்
செத்த பூச்சி மாதிரியே கிடந்தது.
"கம்பெனி மிஷினு பதினஞ்சாயிரம் ஆகும்க்கா.
இதுவும் அதே வேலை பாக்கும்.
கொஞ்சம் முரண்டு பண்ணும், அவ்வளவுதான்."

முரண்டு எனக்குப் பழக்கம்.

கொழுந்தன் மொக்கராசு விட்டுப்போன லேப்டாப்பில்
புதுச் சிப்பைப் படித்துப் பார்த்தேன்.
திரை முழுக்க எஃப் எஃப் எஃப் எஃப்.
வெறுமை என்றால் சைபர் என்று நினைத்திருந்தேன்.
இங்கே வெறுமைதான் நிறைந்து நிற்கிறது;
எழுதுவது என்றால்
அதில் அங்கங்கே குழி பறிப்பது.

பறித்தேன், இருபத்திரண்டு வரி.
குழாய் வாயில் இரண்டு ஸ்குரூ,
நனைந்தால் பஸ்ஸர் அடி.
அடித்தது. கைவிரலை நக்கி வைத்தாலும் அடித்தது.

அதோடு விட்டிருக்கலாம்.
பட்டன் பேட்டரி இருபது நாள் தாங்காது என்று
கணக்கு சொன்னதும்
கஞ்சத்தனம் பிடித்தது.
ஃபியூஸ் பிட்டில் ஒரு எண்ணை மாற்றி
சிப்பின் நாடியைக் குறைத்தேன்.

அதன் பிறகு பேச்சே இல்லை.
கேட்கிறேன், பதில் இல்லை.
கம்பியை மாற்றி, காலைச் சுரண்டி,
இன்னொரு துளையில் செருகி,
மூன்று ராத்திரி கேட்டேன்.
நாலாம் நாள்
மாத்திரை தீர்ந்த அட்டையின்
ஒரு குழியில் அதை அடக்கம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை, என் முறை.
குழாயடியில் கொட்டாவி விட்டபடி
பச்சைப் பலகையை விளக்கில் திருப்புகையில்
ஓரத்தில் கம்பி வைக்காத இரண்டு ஓட்டை.
மெல்லப் பேச வேண்டுமென்றால்
அவ்விரண்டையும் இணைக்கணுமாம்.
பத்துப் பைசா மிச்சம் பிடிக்க
எவனோ விட்டுவிட்டான்.
ரெசிஸ்டரின் வெட்டிய காலை
வளைத்து வைத்துப் பற்றவைத்தேன்.

பதில் வந்தது.

சாகவில்லை அது.
நான் குறைத்துக் கொடுத்த நாடியில்
நிதானமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நான்தான் பழைய வேகத்தில்
கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வியாழன், விடிகாலை மூன்று பத்து.
சோப்பு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு கீச்சல்.
ஐந்து கதவும் திறந்தன.
விழித்திருந்தவர் யாரும் இல்லை,
நிறையாத குடமும் இல்லை.

மத்தியானம் சுருளியம்மாள் கடைக்கே வந்தாள்.
தைலம் கேட்டாள். வாங்கவில்லை.
சின்னதாக மடித்த முந்நூறு ரூபாயை
கவுண்டரில் விரலால் நகர்த்தி,
"எங்க வீட்ல மட்டும்
ஒரு அஞ்சு நிமிஷம் முன்னால அடிக்கிற மாதிரி
வைக்க முடியுமா தாயி?"

"அது கொஞ்சம் மந்தம்க்கா.
ரகசியம் சொன்னாப் புரியாது."

அவள் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு
சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பொய்தான்.
ஒரு ஒயர், ஒன்றரை வரி, புரிந்துகொள்ளும்.
அதனால்தான் புரோகிராமரை
வீட்டில் வைப்பதில்லை:
தூக்க மாத்திரை வைக்கிற டிராயரில்
பூட்டி வைத்திருக்கிறேன்.