சொல்லுக்கு முன் ஒரு நட்சத்திரம்

முருகன்குறிச்சி டைப்பிங் கடை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
ஜெபகனி டீச்சரின் ஆய்வேட்டில் நூற்றெட்டாம் பக்கம்:
*லொவிதி.
மை தெறித்திருக்கிறதென்று
முன்னால் கிடந்ததை விட்டுவிட்டு அடித்தேன்.

மறுநாள் சிவப்பில் சுழித்தார்:
"நட்சத்திரத்த எங்க காணோம்?"

பழைய ஸ்லாவியர் எழுதி வைக்காத சொல்லாம்.
கேட்ட காது ஒன்றும் மிச்சமில்லை.
போலந்துக்காரன் அதை வைத்து மீன் பிடிக்கிறான்,
செக்குக்காரன் மான் விரட்டுகிறான்,
வடமொழியில் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை,
கொள்ளைப்பொருள் என்று பெயராம்.
தடத்தையெல்லாம் கூட்டி
இப்படித்தான் இருந்திருக்கும் என்று
ஒரு வாயை வரைகிறார்கள்.
வேட்டையாடு. பிடி.
பார்த்தவர் இல்லை என்பதற்குத்தான் அந்தப் பூச்சி.

"நம்ம வேட்டைக்கு?"
"வேட்கைக்குப் பக்கத்து வீடும்பாங்க.
யாரு கண்டா."

தலையணைக்கு மேலே, மூன்று வருஷம் முன்பு,
ஈர மணலில் ஒரு செருப்புத் தடம்.
ஈத்தை இலையில் காய்ந்த ரத்தம்.
மிளா மயிர் நாலு.
அதைக் கூட்டித்தான்
மாசானம் என்று எழுதினார்கள்.
என் அண்ணன்.
குற்றப்பத்திரிகையை அடித்ததும் இந்தக் கடைதான்,
அடுத்த நாற்காலியில், நான் சாப்பிடப் போன நேரம்.
நகல் பார்த்தேன்.
பெயருக்கு முன்னால் வெறும் வெள்ளை.

அன்று ராத்திரி
எங்கள் வீட்டுச் சட்டியில் என்ன கொதித்தது என்று
யாரும் கேட்கவில்லை.
டீச்சரும் கேட்கவில்லை.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எட்டு.
வைத்துவிட்டேன்.
அடுத்த பக்கத்தில் இன்னும் பதினோரு சொல்.