வலப்பக்கத் தடி

கொந்தராப்பு மொஹிதீன் முதலாளியின் பேரில்.
காஸ் கட்டர் என்னுடையது, கை என்னுடையது,
கிடைப்பதில் பாதி என்னுடையது.

தியத்தலாவை முகாம் வாசலில்
என் அடையாள அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.
வெயில் இல்லை, நல்ல பனிமூட்டம்.
இருந்தும் பிடித்துப் பார்த்தார்கள்.

பைனஸ் மரங்களுக்குக் கீழே
தார்ப்பாய் போர்த்தி நின்றது டாங்கி.
முதலில் இவர்களுடையது.
பிறகு அவர்கள் பிடித்தது,
கைவைத்து வேறொன்றாக்கி
நாலு வருஷமோ ஐந்தோ ஓட்டியது.
கடைசியில் களப்புச் சேற்றிலிருந்து
சங்கிலி போட்டு இவர்கள் இழுத்து வந்தது.
அடுத்த மாதம் காட்சிக்கு வைக்கிறார்களாம்.
"பழையபடி ஆக்கு," என்றார் கோப்ரல் திலகசிறி.
"அவங்க ஒட்டினதெல்லாம் வெட்டு."

கவ்வாத்துதான், வேறென்ன.

சுழல்மேடையைச் சுற்றி முழம் முழமாய்த் தண்டவாளம்.
முகப்பில் புல்டோசர் தகடு.
பின்னால், எஞ்சினுக்கு மேலே,
ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் வலை,
மூலைகளில் இன்னும் வெள்ளைப் பூச்சு,
கால்மாட்டில் எண் பதினேழு.

பற்றவைத்தவன் இடக்கையன்.
தையல் ஓடுகிற திசையில் தெரிந்துவிடும்,
கையெழுத்து மாதிரி.
நல்ல வேலைக்காரன்.
அதை அங்கே யாரிடம் சொல்ல?
கடைசி இரண்டு முழத்தில் மட்டும் ஒரு தடுமாற்றம்:
குச்சி தீர்ந்திருக்கிறது.
வேலிக்கம்பியை முறுக்கி உருக்கி ஊற்றியிருக்கிறான்.
அதுவும் பிடித்திருக்கிறது.
அதை வெட்டத்தான் ஒரு பகல் முழுக்கப் போனது.

கீழே பதுளை ரயில் ஊதிக்கொண்டு போனபோது
வடக்குத் தண்டவாளத் துண்டொன்று என் கையில்.
அது அதிர்ந்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
அதிரவில்லை. சூடாயிருந்தது, கீழே போட்டேன்.

மறுநாள் உள்ளே இறங்கினேன்.
எண்ணெய் நாற்றம், உப்பு நாற்றம்,
எறும்பு தின்று முடித்த பனங்கட்டிக் குட்டான்.
சாரதியின் இருக்கைக்கு முன்னால்
வெள்ளைப் பெயின்ட்டில் தமிழ்.

"என்ன எழுதியிருக்கு?"
மேலே, மூடிக்கு வெளியே, கோப்ரலின் முகம்.
ஒரு வரித் தமிழைச் சிங்களத்தில் சொல்லுமுன்
மூன்று தடவை படிக்கப் பழகியவன் நான்.
படித்தேன்.

*வலப்பக்கத் தடி இறுகும்.
ஆறுதலா இழுக்கவும்.*

அந்தப் பக்கத்துப் பேச்சில்
ஆறுதல் என்றால் மெதுவாக.
எங்கள் லயத்தில் அது சாவு வீட்டுச் சொல்.
"ஹெமின்," என்றேன்.
வேறு விளக்கம் வைக்கவில்லை.

அவர் இறங்கி வந்தார், ஒரு காலை நீட்டி நீட்டி.
டோர்ச்சை வெள்ளை எழுத்துக்கும் கீழே இறக்கினார்.
பழைய பச்சையில், ஆணியால் கீறிய சிங்களம்.
எனக்குப் பேச வரும், வாசிக்க வராது.
அவரே வாசித்தார்:
"தகுண ததய். ஹெமின்."
வலது இறுக்கம். மெதுவாக.
தெற்கு என்றாலும் அவர்களுக்குத் தகுணதான்.

யார் கீறியது என்று நான் கேட்கவில்லை.
வெளிச்சம் அந்த எழுத்தின் மேல்
தேவைக்கு அதிகமாக நின்றது.
பிறகு தடியைப் பிடித்து ஒரே இழுப்பு. வரவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
மறுபடி இழுத்தார்,
இந்தத் தடவை ஆறுதலாக.
வந்தது.

உள்ளுக்குப் பெயின்ட் வேண்டாமாம்,
யார் பார்க்கப் போகிறார்கள்.
பள்ளிப் பிள்ளைகள் இறங்காதபடி
மூடியை ஒட்டிவிடச் சொன்னார்.
ஒட்டினேன், சுற்றிவர, இடைவெளி விடாமல்.
என்னுடையது வலக்கைத் தையல்.
குச்சி கட்டுக்கட்டாய் இருந்தது.

பழைய இரும்பெல்லாம் முதலாளியின் லொறியில் போனது.
மிச்சக் கூலிக்குப் பதிலாய்
முகப்புத் தகட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன்.
இப்போது அது லயத்து முன்கானுக்கு மேலே கிடக்கிறது.
மழை விட்டால் குண்டு பட்ட குழிகளில் தண்ணீர்,
பக்கத்து வீட்டுக் கோழி வந்து குடிக்கும்.

எங்கே பிடித்தாய் என்று கேட்டாள் மனைவி.
புல்டோசருடையது என்றேன்.
அதுவும் பொய்யில்லை.