நடுப்படி

"மன்றக் கூரை நிதியில் நாலாயிரம் பவுண்டு குறைந்த
அதே வாரம்
பேண்டு வாத்தியக் குழுவின் பொருளாளர்
புதுக் கார் வாங்கினார்."

நிதி குறைந்தது உண்மை.
கார் வாங்கியதும் உண்மை. நீல நிறம்.
செத்துப்போன அக்காளின் வீட்டை விற்ற பணம்.
வழக்கு இந்த இரண்டின் மேலும் இல்லை,
நடுவில் நிற்கிற 'அதே'யின் மேல்,
அதில் தொங்கும் ஏகாரத்தின் மேல்.

லண்டன், ஸ்ட்ராண்ட் தெரு. நீதிமன்றத்தின் பின்வரிசையில்
கைப்பையை மடியில் இறுக்கியபடி கிளெனிஸ் ஆர்மராட்.

வக்கீல்கள் வாய் திறக்கும் முன்பே
தனியே ஒருமுறை படித்துவிட்டாராம் நீதிபதி.
முதல் வாசிப்பில் மனத்தில் ஒட்டியதைப்
பென்சிலால் குறித்தும் வைத்தாராம்.
செய்தித்தாளை யாரும்
பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதில்லை.

பிறகு அழைக்கப்படுகிறார் சாதாரண வாசகர்.
நியாயமானவர். வெகுளி இல்லை,
வரிக்கு நடுவில் இருப்பதும் கண்ணில் படும்.
வம்புக்கு அலைபவரும் இல்லை,
பத்து அர்த்தம் கிடக்கும் இடத்தில்
மோசமானதை மட்டும் பொறுக்க மாட்டார்.
தலைப்போடு நின்றுவிடாமல்
கடைசிப் பத்தி வரை போவார்.
அவருக்கு நாற்காலி போடவில்லை. தண்ணீர் வைக்கவில்லை.
இரு தரப்பும் அவரைத்
தாய்மாமன் மகன்போல உரிமையோடு பேசுகிறார்கள்.

"டோரீனைக் கூப்பிடலாமே," கிசுகிசுக்கிறாள் கிளெனிஸ்.
"அவள் நிஜமாகவே படித்தாள்.
மறுநாள் ரொட்டிக் கடையில்
சில்லறையை என் கையில் தராமல்
பலகைமேல் எண்ணி வைத்தாள்."

டோரீனுக்கு என்ன புரிந்தது என்பது
இன்று சாட்சியம் ஆகாது.
காயத்தை அளக்கும் நாள் வேறு, அன்றைக்கு வரட்டும்.

திருடினாள் என்கிறது கட்டுரை, என்கிறார் இவள் வக்கீல்.
விசாரித்துப் பார்க்கலாம் என்கிறது, அவ்வளவே, என்கிறார் அவர்கள் வக்கீல்.
நீதிபதி நடுப்படியில் உட்காருகிறார்:
"திருடியிருப்பாள் எனச் சந்தேகிக்க
நியாயமான காரணம் உண்டு."
இதுவும் அவதூறே.
நல்லவர்கள் பார்வையில் ஒருவரைத் தாழ்த்தும்.
இதுதான் அர்த்தம். இனி இது ஒன்றுதான்.

வக்கீல் கை குலுக்கினார்.
ஜெயித்திருக்க வேண்டும்.

வடக்கே போகும் ரயில். பீட்டர்பரோ தாண்டியதும்
மடிப்பில் நைந்த நறுக்கை எடுக்கிறாள்,
அந்த வாசகரைப்போல ஒருமுறை படிக்க:
வெகுளித்தனம் இல்லாமல், பசியும் இல்லாமல்,
பழைய சாமான் விற்பனைத் தேதி இருக்கிற
கடைசிப் பத்தி வரைக்கும்.

முதல் வரியிலேயே வந்துவிடுகிறாள் டோரீன்,
நாணயங்களை
ஒவ்வொன்றாக வைத்தபடி.