கொம்பு

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
பேக்டரி பஸ்ஸின் கடைசி இருக்கை.
ஓ.டி. கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கம்
நான்கு கட்டம் போட்டேன்.
நான்கும் இலவசம். நான்கும் திறந்த மூலம்,
யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாம்.
எனக்கு ஒரு விளையாட்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்:
ஒரு பெர்ரி, ஒரு பூனை, கயிறு வீசும் ஒருத்தி,
எதிர்க்கரையில் ஒரு பெயர்ப்பலகை.

முதல் எஞ்சின், கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும் என்றது.
பத்து நிமிடத்தில் பூனை நடந்தது.
பதினோராவது நிமிடம்
பூனை திரும்ப வேண்டும் என்றேன்.
அதற்கான கட்டை பெட்டியில் இல்லை.

இரண்டாவது, பெரிய இடத்துச் சம்பந்தம்.
நிழல் உண்டு, நீர் உண்டு, மீசை மயிர் ஒவ்வொன்றுக்கும் தனி ஒளி உண்டு.
என் லேப்டாப் அண்ணி கழித்துப் போட்டது.
அதன் விசிறி போட்ட கூச்சலில்
பக்கத்து வீட்டு ஆ மெங் சுவரைத் தட்டினாள்.

மூன்றாவதில் ஒரு கறுப்புச் சாளரம், மின்னும் ஒரு கோடு.
'தொடக்கநிலையாளருக்கு உகந்தது.'
இதை எழுதியவர் தொடங்கி எத்தனை வருடம் ஆனதோ.

நிலுவையில் உள்ள குறைகள் என்று ஒரு பத்தி வைத்திருந்தேன்.
குறைவாக இருந்தால் கூடுதல் மதிப்பெண்.
பிறகு அதை அழித்தேன்.
ஒன்பதாயிரம் குறை உள்ள இடத்தில்
ஒன்பதாயிரம் முறை யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
குறையே இல்லாத ஒன்றையும் தேடிப் போனேன்.
அங்கே கடைசியாக விளக்கு எரிந்து ஆறு வருடம்.
எச்சில் தட்டே இல்லாத கோப்பிக் கடை
சுத்தமான கடை என்றா அர்த்தம்?

நான்காவது சின்னது.
நாசி கண்டார் வரிசையில் நிற்கும்போதே இறங்கிவிட்டது.
பெர்ரி மிதந்தது. கயிறு வளைந்தது.
பலகையில் பட்டர்வொர்த் என்று தட்டினேன்.
கொம்பு இடம் மாறி
எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது,
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
என் பெயரைத் தட்டிப் பார்த்தேன்.
கெஜலெட்சுமி.
யானைக்கே கொம்பு கழன்றுவிட்டது.

சூப்பர்வைசருக்கு மெமோ எழுதும் இங்கிலீஷில் எழுதினேன்:
சொல்லும்போது அது பின்னால் வரும் சார்,
எழுதும்போது முன்னால் நிற்கும்.
பத்தொன்பது நாள் கழித்து ரதிம் என்று ஒருவர்,
எந்த ஊரோ, அங்கே அப்போது பனியாம்:
உங்கள் எழுத்தில் எது சரி என்று எனக்குத் தெரியாது,
வரைந்து காட்டுங்கள்.

கேன்டீன் மேசையில், ஷிஃப்ட் சீட்டின் முதுகில்
கெ, கே, கொ, கோ, பெரிதாக.
கௌ-வில் இருக்கும் ள, ள இல்லை என்று சொல்ல
நான்கு வரி ஆனது.
படம் எடுத்து அனுப்பினேன்.
இந்த வட்டம் என்ன உயிர்க்குறி என்று கேட்டார்.
அது தே ஓ கிளாஸ் வைத்த ஈரம்.

இரண்டாவது எஞ்சினில் எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறதே,
எதற்கு இந்தப் பாடு என்றாள் நோர்ஹஸ்லிண்டா.
உண்மைதான். நானும் பார்த்தேன்.
அங்கே கொம்பு ஏற்கெனவே சரியான இடத்தில் நின்றது,
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
நோட்டில் இதற்கு எந்தப் பத்தி?

புதிய பதிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
உள்ளே போய்த் திருகாணியைக் கழற்றினேன்.
ஏழாயிரம் வரிகளுக்கு நடுவே
அவர் எழுதிய சின்னச் சார்பு ஒன்று,
பெயர்: கொம்பு.
ஆங்கில எழுத்தில், ஓர் எம் கூடுதலாக.

பலகை சரியாகிவிட்டது. ஸ்ரீ இன்னும் உடைகிறது.
பெர்ரி கரை சேர்கிறது, அவள் கயிற்றை வீசுகிறாள்.
பூனை மட்டும் தளத்தைத் துளைத்துக்கொண்டு
கடலில் விழுகிறது.
அது என் குறை.
யாருக்கும் எழுதிப் போட முடியாது.