பத்துக்கு ஆறு

ரிசல்ட் வந்த ராத்திரி எட்டரைக்கு,
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வந்தார்கள்
தலைமையாசிரியை எஸ்தர் மரகதமும்
கணக்கு டீச்சர் பத்மாசனியும்
ஒரே ஸ்கூட்டியில்.

"பத்துக்கு ஆறு. சதுரடி என்ன விலை?"
பதினாலு என்றேன்.
கால்குலேட்டரை நான் தேடுவதற்குள்
"எண்ணூத்தி நாப்பது" என்றார் பத்மாசனி டீச்சர்.
"பன்னெண்டுன்னா எழுநூத்தி இருவது. அதையே போடுங்க."
போட்டேன்.

அம்மாப்பேட்டையில் இந்த வாரம்
என் மிஷின் துப்புவதெல்லாம் மஞ்சள் நட்சத்திரம்.
பணம் கட்டும் பள்ளிகளுக்கென்று ஒரு டிசைன் வைத்திருக்கிறேன்:
தங்கக் கோப்பை, வெடிக்கும் சூரியன்,
ஓரத்தில் ஒரு நீச்சல் குளம்,
எந்த ஊர்க் குளமென்று எனக்கே தெரியாது.
"குளத்த எடுத்துடுங்க" என்றார் தலைமையாசிரியை.
"எங்ககிட்ட சின்டெக்ஸ் டேங்க்தான் இருக்கு."

பென்டிரைவில் நாற்பத்தேழு முகங்கள்.
முதலிடம் கோபிகாஸ்ரீ, 488.
அடையாள அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்த படம்.
பள்ளி முத்திரையின் ஊதா வளையம்
இடது காதில் பெரிய தோடுபோல் விழுந்திருந்தது.
அழித்துவிடவா என்றேன்.
"இருக்கட்டும். எங்க சீல்தானே."

அறிவியலில் நூறு வாங்கிய ஃபைசான்
கண்ணை மூடியிருக்கிறான். வேறு படம் கிடையாதாம்.
மண்டலக் கோ-கோவில் ஜெயித்த பெண்கள் பன்னிரண்டு பேர்,
ஷூ ஒன்பது ஜோடி.
மூன்று பேர் பின்வரிசையில், கால் தெரியாமல்.

"டீச்சர் படத்தையும் போடணும்,
கணக்குல பதினோரு பேர் நூத்துக்கு நூறு" என்கிறார் தலைமை.
பத்மாசனி டீச்சர் திரையில் விரலை வைத்து அளக்கிறார்.
"என் மூஞ்சிக்கு ஒன்னேகால் சதுரடி.
கோ-கோ பிள்ளைங்க கொஞ்சம் அகலமா நிக்கட்டும்."
நின்றார்கள்.

தலைப்பில் 'வாழ்த்துக்கள்' என்று அடித்திருந்தேன்.
"அந்த ஒற்றை எடுங்க.
ஊர் முழுக்க இருந்தா இருக்கட்டும்,
எங்க கேட்டுல இருக்கக் கூடாது."

கடைசியாகச் சிவப்பில், ஆளுயரத்துக்கு:
நூறு சதவீதம்.

எங்கள் வருஷம் அறுபத்தொன்று.
மிச்சம் முப்பத்தொன்பதுக்கு யாரும் பேனர் அடிப்பதில்லை.
அதில் ஒருவன் இப்போது பேனர் அடிக்கிறான்.
கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவன்.
பாடம் எடுத்தவர் பக்கத்தில் நின்று
"சைபரைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க" என்கிறார்.
அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.
நானும் தாடி வைத்திருக்கிறேன்.

அவர்கள் போனபின் ஓட விட்டேன்.
மை வாசத்தோடு ஒவ்வொரு நெற்றியாக வெளியே வந்தது.
அடியில் கடைப்பெயர் போடுவது வழக்கம்:
மயூரி டிஜிட்டல்ஸ், போன் நம்பர்.
அதற்குப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில்,
ஏன் என்று கேட்காதீர்கள், இதையும் போட்டேன்:
முன்னாள் மாணவர், பத்தாம் வகுப்பு 'உ' பிரிவு, 2008.

அது 2007.
யாராவது ரெஜிஸ்டரைப் புரட்டினால் அகப்படக் கூடாதென்று
ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தேன்.

காலையில் கேட்டில் கட்டினேன்.
காற்று போக அரைவட்டக் கீறல் ஐந்து.
ஏற்காடு பக்கமிருந்து வந்த காற்று
நாற்பத்தேழு முகங்களையும் உப்பவைத்துவிட்டுப் போனது.
அப்பாவின் டிவிஎஸ்ஸில் வந்த கோபிகாஸ்ரீ
நிமிர்ந்து பார்த்தாள்,
தன் இடது காதைத் தொட்டுக்கொண்டாள்.

பத்தரைக்குப் போன்.
"லோகு, பேனர்ல ஒரு பிழை."

பேர் சொல்லியிருக்கவில்லை நான்.

"ரெண்டாயிரத்தெட்டுல 'உ' பிரிவே கிடையாது.
'ஈ'யோட நிறுத்திட்டோம்.
நீ ஏழு. ஜன்னல் பக்கம், மூணாவது பெஞ்சு.
தப்பான எண்ணை என் ஸ்கூல் வாசல்ல தொங்கவிடாத."

ஒட்டுத்தாளில் ஒரே ஒரு எண்ணை வெட்டினேன்.
சின்னதாக வெட்டுவது கஷ்டம், இரண்டு கெட்டுப்போனது.
மூன்றாவதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு
ஏணியைத் தோளில் போட்டேன்.