"நான்" என்று சொல்லும் வேலை

புதுக்கடை நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருஷம்
மற்றவர்களுக்காக "நான்" என்று சொன்னவன்.
நான் குத்தினேன் என்றிருக்கிறேன்.
நான் வீட்டில் நித்திரை என்றிருக்கிறேன்.
நான் அந்தச் சங்கிலியைத் தொடவே இல்லை என்று
ஒரே காலையில் மூன்று பேருக்கு.
பிறகு கைகழுவி, பார்சலைப் பிரித்து
சோறு தின்றிருக்கிறேன்.
ஒரு மொழி காதால் வரும், மற்றது வாயால் போகும்.
இடையில் எதுவும் தங்கக்கூடாது,
அதுதான் தொழில்.

பென்சன் எடுத்தபின் கொட்டாஞ்சேனைச் சபையில்
மின்விசிறிக்குக் கீழே கடைசி வாங்கு.
சட்டைப்பையில் சின்னக் கொப்பி.
பிரசங்கம் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் நினைப்பு.
பாஸ்டர் யோகானந்தனுக்கு ழகரம் வராது.
வாழ்வு என்று நினைப்பார், வாள்வு என்று விழும்.
ஒரு ஞாயிறு பதினொரு வாள்.
எழுதிக்கொள்வேன்.
சாட்சி சொல்ல வருபவர்களையும் விட்டதில்லை:
போன மாதம் இடது முழங்காலில் இருந்த வலி
இன்றைக்கு வலது முழங்காலில் சுகமாகியிருக்கிறது.
குறுக்கு விசாரணைக்கு ஆளில்லையே என்று
நாக்கு தவிக்கும்.

வைகாசி மழைக்குள் நந்தாவதி வந்தாள்.
தமிழ் தெரியாது.
"அண்ணன், நீங்கள் கொஞ்சம் சொல்லிவிடுங்கோ" என்றார் பாஸ்டர்.
ஒரே மைக்.
அவள் சொல்லி என்னிடம் நீட்டுவாள், நான் சொல்லி அவளிடம்.
மைக்கின் கழுத்தில் அவளுடைய வியர்வை.

பொரளைப் பக்கம் நேர்சிங் ஹோமில் துப்புரவு வேலை எனக்கு, என்றேன்.
ஏழாம் கட்டில்காரர் மூவாயிரம் ரூபா தந்தார்.
ரீலோட் போட்டு மகனுக்குக் கோல் எடு,
வரச்சொல் என்றார்.
நான் எடுக்கவில்லை, என்றேன்.
மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினேன்.
காலையில் கேட்பார்: எடுத்தியா?
எடுத்தேன், வருகிறாராம்.
மறுநாளும் வருகிறாராம்.
வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் புது விரிப்பு.
விரித்தது நான்தான், என்றேன்,
கடைசி வாங்குவரை கேட்கும் என் பழைய குரலில்.

"மம கரபு பவ்" என்றாள்.
"நான் செய்த பாவம்" என்றேன்.
நடு வாங்கிலிருந்து யாரோ, வாய்க்குள்,
"பாவம்" என்றாள்.

எந்தப் பாவம்?
குற்றமா, இரக்கமா?
சிங்களத்திலும் அது ஒரே சொல்தான்,
ஓடி ஒளிய இரண்டு மொழியிலும் இடமில்லை.
அவள் பார்த்தது நந்தாவதியையா,
மைக்கைப் பிடித்து நின்ற என்னையா?

நந்தாவதி அதற்குமேல் பேசவில்லை.
அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான்
ஒரு மத்தியானம் வந்து நின்றது:
நீதவான் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
சாட்சிக் கூண்டில் ஒரு மீன்வண்டிக்காரன்,
இறங்கப்போகிற நேரத்தில்,
"அண்டைக்கு நிலவு இல்லை ஐயா" என்கிறான்.
அந்த வரியை நான் சிங்களத்துக்குக் கொண்டுபோகவில்லை.
பசி.
ஒரு வரிதானே.
இருட்டில் யாரை யார் கண்டார்கள் என்பதுதான்
வழக்கே என்பது
சோற்றுப் பார்சலின் பாதியில் உறைத்தது.
மிச்சத்தையும் தின்றேன்.
வெலிக்கடைக்குப் போனவனின் பெயர் ஞாபகமில்லை.
அந்த வரியால் தீர்ப்பு மாறியிருக்குமோ, தெரியாது.

சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது.
பாஸ்டர் கையை நீட்டினார்,
கொடுத்துவிட்டேன்.

பிரசங்கம் தொடங்கியது.
கொப்பியை எடுக்கவில்லை.
வாள்வு என்றார்.
அது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகும் சொன்னார்,
எத்தனை என்று கேட்டால் தெரியாது.
முதல் தடவையாக அவர் என்ன சொன்னார் என்பது
கொஞ்சம் தெரியும்.

வாசலில் மழை விடவில்லை.
நந்தாவதி தலையில் ஷொப்பிங் பையைக் கவிழ்த்தபடி கேட்டாள்:
"மாத்தையா, நான் சொன்னதில்
ஒன்றையும் விட்டுவிடவில்லையே?"

நீ சொன்னதில் இல்லை, என்றேன்
அவளுடைய மொழியில்.