தெரியாது-தெரியாது

அந்த வரியில் மூன்று சொல்:
எந்த இயந்திரம், யார் செய்தது, அடியில் என்ன ஓடுகிறது.
முதலாவதை நான் வாசம் என்றுதான் வாசிப்பேன்,
முப்பத்திரண்டு பிட் வாசம்.
யார் செய்தது: தெரியாது.
அடியில் என்ன: தெரியாது.

வாலாஜா தாலுகா ஆபீசில் இப்படி ஒரு படிவம் நீட்டினால்
முகத்தில் விட்டெறிவார்கள்.
கம்பைலர் வாங்கிக்கொண்டது,
இரண்டு வருஷம்.

நூலகத்துக்கு ஒரே வேலை.
தோலின் படம் பார்த்து, ஓரம் கண்டு,
எத்தனை சதுர அடி என்று சொல்லும்.
மேல்விஷாரம் கம்பெனியில் கணக்கறை விண்டோஸிலும்
கோதண்டனின் விரிசல் விழுந்த போனிலும்
இத்தாலிக்காரன் திறந்து பார்க்கும் பிரவுசரிலும்
அதே குறியீடு, அதே ஆறே கால்.

போன வாரம் முஷ்தாக் பாய் கேட்டார்:
அளந்த நேரமும் வேணும்.
அக்னி நட்சத்திரத்தில் காலையில் ஆறே கால் இருக்கிற தோல்
மத்தியானம் ஆறுதான் இருக்கும்,
அந்தக் காலடிக்குத்தான் சண்டை.

விண்டோஸ் நேரம் சொன்னது.
போன் சொன்னது.
பிரவுசர் தாவலில் மட்டும் பாதி அளவில் விழுந்தது,
விழும்போது ஒரு வாக்கியம்:
இந்த மேடையில் காலம் இல்லை.

சத்துவாச்சாரியில் கரண்ட் போன மத்தியானம்,
யூபிஎஸ் கூவுகிறது, பனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது,
தனியாகச் சிரித்தேன்.
காட்பாடியில் வராத ரயிலுக்குக்கூட
இத்தனை மணிக்கு வரவில்லை என்று ஒரு நேரம் உண்டு.

இலக்கை மாற்றினேன்.
இரண்டு தெரியாதுகளையும் அழித்தேன்.
மூலத்தில் ஓர் எழுத்தைத் தொடவில்லை.
கம்பெனி கேட்டிலும் அப்படித்தான்.
வட ஆற்காடு,
அதன்மேல் வட ஆற்காடு அம்பேத்கர்,
அதன்மேல் வேலூர்,
அதற்கும் மேல் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்;
வெயிலில் பெயிண்ட் உரியும் இடத்தில்
நாலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.
கட்டடம் ஓர் அங்குலம் நகரவில்லை.

முதல் பில்ட் செத்தது.
உள்ளே எப்போதோ நான் செருகிய சி மொழித் துண்டு
என் தலைப்புக் கோப்பு எங்கே என்றது.
தேடிக் கொடுத்தேன்.
இரண்டாவதும்.
ஏழாவதில் கட்டி முடித்தது, முன்னைவிடப் பருமனாக,
கையில் ஒரு சீட்டோடு:

நேரம் கேட்பேன்.
கொஞ்சம் தற்செயல் கேட்பேன்.
எழுத ஓர் இடம் கேட்பேன்.
தராவிட்டால் கிளம்பவே மாட்டேன்.

பழையது எதுவும் கேட்டதில்லை.
எனக்கு அதுதான் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது,
நடுவழியில் விழுகிற வரைக்கும்.

மூன்றையும் பிரவுசரில் எழுதி வைத்து
ராத்திரியே ஏற்றினேன்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு மேல் கோதண்டன்.
"மேடம், டைம் வருது."
"வருதா!"
"வருது. ஆனா இன்னா இது,
அஞ்சு நாப்பத்தெட்டுன்னு காட்டுது?
அப்ப இந்தத் தோலு டிரம்முல ஊறிக்கினு இருந்துச்சே."

கடிகாரம் கொடுத்தேன்,
எந்த ஊர்க் கடிகாரம் என்று பார்க்கவில்லை.
ஐந்தரை மணி நேரம் பின்னால் எங்கோ
காலம் இருக்கிறது, வேலூரில் இல்லை.

"அளவு?" என்றேன்.
பின்னால் டிரம் சுற்றும் சத்தம்.
"அளவு சரிதான் மேடம். ஆறே கால்.
சீக்கிரம் பாருங்க, காயுது."